இரும்புப் பட்டையிலிருந்து ரைஃபிள் வரை: வில்லியம்ஸ்பர்க் பட்டறையின் சக்கிமுக்கித் துப்பாக்கி

பிட்டர் படிப்பில் முதல் ஆறு மாதம் அரம் பிடித்ததைத் தவிர வேறெதுவும் செய்ததாக எனக்கு நினைவில்லை. இரும்பில் சதுரமாக ஒரு துண்டு, அது போய் உட்கார இன்னொரு தகட்டில் சதுரமாக ஒரு வாய். பிரஷ்யன் ப்ளூவை விரலால் மெல்லிசாகத் தடவி, நுழைத்து, உருவி எடுத்தால் எங்கே உரசியதோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி தடவி, மறுபடி நுழைக்க வேண்டும். கடைசியில் வாத்தியார் அதை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பல வருடம் கழித்து, அமெரிக்காவின் விர்ஜீனியாவில் ஒருவர் பழைய முறையில் முழுத் துப்பாக்கியையும் கையாலேயே செய்த கதையைப் படிக்க உட்கார்ந்தபோது முதலில் ஞாபகத்துக்கு வந்தது அந்த ஜன்னல்தான். அங்கே நீலத்துக்குப் பதில் விளக்குப் புகைக்கரி, இரும்புத் தகட்டுக்குப் பதில் மேப்பிள் மரம். மற்றபடி அதே வேலை. இந்த ஆய்வை ஒரு பட்டறைக்காரனின் கண்ணோடுதான் எழுதுகிறேன். துப்பாக்கி சுடுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. ஒரு பொருளை இன்னொரு பொருளுக்குள் எப்படிப் பொருத்தினார்கள் என்பதில்தான் ஆர்வம்.

ஊரும் ஆளும்

வில்லியம்ஸ்பர்க் 1699 முதல் 1780 வரை விர்ஜீனியாவின் தலைநகரம். தலைநகரம் ரிச்மண்டுக்குப் போனதும் ஊர் தூங்கிவிட்டது. 1926-இல் உள்ளூர்ப் பாதிரியார் குட்வினும் பெரும் பணக்காரர் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியரும் சேர்ந்து அதைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஊராகவே மீட்டெடுக்கத் தொடங்கினார்கள். வீடுகளை எழுப்பியதோடு நிற்கவில்லை. கொல்லர், தச்சர், வெள்ளி வேலைக்காரர், அச்சடிப்பவர் என்று அந்தக் காலத் தொழில்களையும் பட்டறைகளோடு கொண்டுவந்தார்கள். துப்பாக்கிப் பட்டறையும் அதில் ஒன்று.

அந்தப் பட்டறைக்கு 1960-களில் தலைமை ஏற்றவர் வாலஸ் கஸ்லர். ரோனோக் மாவட்டத்துக்காரர், சின்ன வயதிலிருந்தே பழைய ரைஃபிள்களைத் தேடித் தேடிப் பார்த்தவர். பதினெட்டாம் நூற்றாண்டுக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு குழல், பூட்டு (பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் பொறியமைப்பு), கட்டை (இவற்றைத் தாங்கும் மரப்பகுதி) என எல்லாவற்றையும் ஒரே பட்டறையில் செய்து ஒரு ரைஃபிளை முடித்தவர்களில், நவீன காலத்தில் முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்வார்கள். அந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை காட்டும் ஓர் ஆவணப்படத்தையும் 1969-இல் எடுத்தார்கள். சுமார் ஒரு மணி நேரம். அது இல்லையென்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது.

கஸ்லரின் முன்னால் இருந்த சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். பழைய ரைஃபிள்கள் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்கள் வீடுகளிலும் நிறையவே இருந்தன. கருவிகளும் அங்கங்கே மிச்சமிருந்தன. செய்த கை மட்டும் இல்லை. அப்பலாச்சியன் மலைப்பக்கம் சில குடும்பங்களில் இந்த வேலை இருபதாம் நூற்றாண்டுவரை மெலிந்த நூலாக ஓடி வந்தது உண்மை. ஆனால் தட்டையான இரும்பைச் சுருட்டி, பற்றவைத்து, அதைக் குழலாக்கும் வித்தை ஏறக்குறைய அறுந்துபோயிருந்தது. அருங்காட்சியகத்தில் இருக்கும் குழலைப் பார்த்து அதைக் கற்க முடியாது. நல்ல பற்றவைப்பு தன் தடயத்தைத் தானே அழித்துவிடும்.

எந்த ஊர்ப் பாணி?

பென்சில்வேனியாவில் 1700-களின் முற்பாதியில் வந்து குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் கையோடு கொண்டுவந்தது ‘யேகர்’ என்ற வேட்டைத் துப்பாக்கி. குட்டைக் குழல், பெரிய வாய். இங்கே காட்டில் வாரக்கணக்கில் அலைந்தவனுக்கு குண்டுக்கான ஈயத்தையும் வெடிமருந்தையும் முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. வாய் சுருங்கியது, குழல் நீண்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 0.59 அங்குல விட்டமுள்ள குண்டு ஒரு பவுண்டு ஈயத்தில் 23 கூட வராது. 0.44 அங்குலமாகக் குறைத்தால் 54 வரும். அதே சுமையில் இரட்டிப்புக்கும் மேல். குழல் 42 முதல் 46 அங்குலம் வரை போனதால் குறிபார்க்கும் முனைகளுக்கு இடையிலான தூரமும் கூடியது.

‘லாங் ரைஃபிள்’ என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் ஊருக்கு ஊர் நடை மாறும். நம் ஊரில் கும்பகோணம் குத்துவிளக்கையும் நாச்சியார்கோயில் விளக்கையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லும் ஆட்கள் இல்லையா, அந்த மாதிரி. லங்காஸ்டர் என்றால் மரக்கட்டையின் பக்கவாட்டில் டெய்சிப் பூ வடிவத் தலையோடு பித்தளைப் பெட்டி மூடி. அல்லன்டவுன், பெத்லகேம் வட்டாரத்து லீஹை பாணியில் கட்டையின் மேல்விளிம்பு ரோமானிய மூக்குபோல மெல்ல வளைந்து இறங்கும். பெட்ஃபோர்டு ரைஃபிள் ஒல்லிக்குச்சி. டென்னசி மலைப்பக்கம் போனால் பித்தளையே வேண்டாம், எல்லாம் இரும்புதான்.

இந்த நடைகள் பரவியது ஒரு சாலை வழியாக. ஃபிலடெல்ஃபியாவில் புறப்பட்டு லங்காஸ்டர், யார்க் வழியே வின்செஸ்டரைத் தொட்டு, ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் இறங்கி, ரோனோக் தாண்டி கரோலினாவுக்குப் போகும் பெரிய வண்டிப்பாதை அது. ஒரு கொல்லர் லங்காஸ்டரில் தொழில் கற்றுக்கொண்டு வின்செஸ்டரில் கடை போடுவார். அவரிடம் கற்றவன் இன்னும் தெற்கே போவான். ஒவ்வொரு தாவலிலும் ஒரு வளைவு மாறும். கஸ்லர் பிறந்து வளர்ந்த இடமே அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஆகவே அவர் விர்ஜீனியா நடையை எடுத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கையில் எடுத்துப் பார்க்க மூலப் பொருள்கள் பக்கத்திலேயே கிடைத்தன.

பாணியை ‘நகல் எடுப்பது’ என்று நினைத்தால் இந்த வேலை வராது. ஒரே கொல்லர் செய்த இரண்டு ரைஃபிளில்கூட ஒரு சுருள்போல இன்னொரு சுருள் இருக்காது. எந்த வளைவுக்குப் பின் எந்த வளைவு வரும், எங்கே அவர் நிறுத்துவார் என்பதைத்தான் பிடிக்க வேண்டும். கையெழுத்தை நகலெடுப்பது ஒன்று, அந்த ஆளின் நடையில் புதிதாக ஒரு கடிதம் எழுதுவது வேறொன்று.

குழல்

இங்கேதான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

தொடக்கம் ஒரு தேனிரும்புப் பட்டை. ‘ஸ்கெல்ப்’ என்பார்கள். தேனிரும்பு என்பது இன்றைய மைல்டு ஸ்டீல் கிடையாது. அதில் கரிமம் மிகக் குறைவு, உள்ளே இழை இழையாகக் கசடு ஓடும். உடைத்துப் பார்த்தால் மரத்தைப் பிளந்ததுபோல நார் தெரியும். அந்தக் கசடே உலையில் உருகி, பற்றவைக்கும்போது பாதி உதவி செய்துவிடும். இன்று வணிக அளவில் இதை யாரும் தயாரிப்பதில்லை. பழைய பாலத்து இரும்பு, வண்டிச் சக்கரப் பட்டா, சங்கிலி என்று காயலான் கடைகளில்தான் தேட வேண்டும்.

பட்டையைச் சூடாக்கி, பள்ளமான அச்சில் வைத்து அடித்து, நீளவாக்கில் ஓலைச்சுருள்போல வளைக்கிறார்கள். இரண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். அப்புறம் பற்றவைப்பு. மொத்தக் குழலையும் ஒரே தடவையில் செய்ய வழியே கிடையாது. ஒரு சூட்டுக்கு இரண்டு மூன்று அங்குலம். உலையில் இரும்பு சிவந்து, ஆரஞ்சாகி, மஞ்சளாகி, வெளுத்து, மேல்பரப்பு எண்ணெய் தடவியதுபோல ஈரமாக மின்ன வேண்டும். வெப்பம் 1300 டிகிரி செல்சியசுக்கு மேல். பார்த்துச் சொல்லக் கருவி கிடையாது, கண்தான். வெண்காரத்தைத் தூவினால் அது உருகி ஓடி, துருப்படலத்தைக் கரைத்துக்கொண்டு போகும். இன்னும் ஒரு நொடி கூடப் பொறுத்தால் மத்தாப்புபோலப் பொறி பறக்கும். பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று பொருள்.

அந்த நொடியில் வெளியே எடுக்கிறார்கள். உள்ளே ஓர் ஊடுகம்பியை நுழைக்கிறார்கள், குழல் நசுங்கிவிடாமல் இருக்க. ஒருவர் சுத்தியல், இன்னொருவர் சம்மட்டி. வேகமாக ஏழெட்டு அடி. உடனே கம்பியை உருவியாக வேண்டும். கம்பி குளிர்ந்தது, குழல் சூடு. இரண்டு மூச்சு தாமதித்தால் குழல் சுருங்கிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் குழலும் போச்சு, கம்பியும் போச்சு. ஊடுகம்பி போக, குழலைச் செங்குத்தாகத் தூக்கி அதன் நுனியைப் பட்டறைக்கல்லில் ‘டம்’ என்று குத்துவதும் உண்டு. பற்று இன்னும் இறுகட்டும் என்று.

இப்படி நாலடி நீளம். ஒரே ஓர் இடத்தில் கசடு மாட்டிக்கொண்டு பற்று விட்டுப்போனால் வெளியிலிருந்து தெரியாது. துளையிடும்போது தெரிந்தால் அதிர்ஷ்டம். சுடும்போது தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தோற்றுப்போன பற்றவைப்பைத் திரும்ப உலையில் வைத்துச் சரிசெய்யலாம், ஆனால் ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் இரும்பு செதிலாக உதிர்ந்து போகும். அதனால் பட்டை தொடக்கத்திலேயே தேவைக்கு மேல் கனமாக இருக்க வேண்டும்.

பற்றவைத்து முடித்த குழலை எட்டுப்பட்டையாக அடித்து, உலையிலேயே சாம்பலில் மூடி மெல்ல ஆறவிடுகிறார்கள். அப்போதுதான் இரும்பு மிருதுவாகும்.

அடுத்து துளையிடுதல். பெரிய மரச் சக்கரத்தை ஓர் ஆள் கையால் சுற்றுகிறார். நீளக் கம்பியின் நுனியில் துளையாணி. ஒன்றைவிட ஒன்று மயிரளவு பெரிதாக வரிசையாக ஆணிகள். கடைசி ஆணி சதுரமானது. அதன் இரண்டு விளிம்புதான் வெட்டும். மற்றப் பக்கம் ஒரு மரச்சில்லை வைத்து, அதற்கும் ஆணிக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகுகிறார்கள். ஒரு காகிதம் கூட்டினால் ஒரு காகித கனம் அதிகம் வெட்டும். நான் மைக்ரோமீட்டரோடு வளர்ந்தவன். இதைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. ஒரு தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். இதைவிட எளிய ஷிம், அதாவது இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு, எனக்குத் தெரிந்து இல்லை.

நேராக இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் அழகு. மெல்லிய நூலை ஒரு வில்லில் கட்டி, குழலின் உள்ளே ஒரு பக்கச் சுவரை ஒட்டினாற்போல இழுத்துப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பார்ப்பார்கள். நூல் சுவரை முழுக்கத் தொட்டால் நேர். எங்காவது விலகினால் அந்த இடத்தில் வெளியிலிருந்து சுத்தியலால் ஒரு தட்டு. குழலைக் கொஞ்சம் திருப்பி மறுபடி நூல். என் வாத்தியாரின் ஜன்னலுக்கும் இதற்கும் வித்தியாசம் நீளம் மட்டும்தான்.

காடி

ரைஃபிள் என்ற பெயரே இந்தக் காடிகளால் வந்தது. குழலின் உட்சுவரில் திருகலாக ஓடும் வெட்டுகள். பெரும்பாலும் ஏழு. ஏறத்தாழ 48 அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்று என்ற கணக்கு பரவலாக இருந்தது. அப்படியானால் 44 அங்குலக் குழலுக்குள் காடி ஒரு முழுச்சுற்றுகூடச் சுற்றாது. அந்தச் சின்னத் திருகல் குண்டைப் பம்பரமாக்கிவிடும். சுழலும் குண்டு திசை மாறாது.

இதை வெட்டும் எந்திரம் முழுக்க மரம். ஒரு தடித்த மர உருளையில் திருகலாகப் பள்ளங்கள். உருளையை இழுத்தால் அது தானாகச் சுற்றிக்கொண்டே வரும். அதன் நுனியில் நீளக் கம்பி, கம்பியின் தலையில் ஒரு ஹிக்கரி மரத்துண்டு, அதில் பதித்த சின்ன ரம்பப் பல். இழுத்தால் அது சுவரை மெலிதாகச் சுரண்டும். ஒரு காடி முடிந்ததும் உருளையை அடுத்த குறிக்குத் திருப்பி அடுத்த காடி. ஏழும் ஒரு சுற்று முடிந்ததா? பல்லுக்கு அடியில் ஒரு காகிதம். மறுபடி ஏழு. காடியின் மொத்த ஆழம் மூன்று நான்கு தாள் கனத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் அதை எட்ட மணிக்கணக்கில் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். சுரண்டி வரும் இரும்புத்தூள் மாவுபோல இருக்கும்.

கடைசியாக, குழலுக்குள்ளேயே ஈயத்தை ஊற்றி, அந்தக் குழலின் வடிவத்திலேயே ஓர் அச்சை எடுத்து, எண்ணெயும் மெருகுத்தூளும் பூசி முன்னும் பின்னும் இழுத்து வழவழப்பாக்குகிறார்கள். ஒரு குழலின் ஈயம் இன்னொரு குழலுக்குள் போகாது.

பூட்டு

சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும் வளைந்த கையை நம் பழைய சொல்லில் ‘குதிரை’ என்பார்கள். விசையை இழுத்தால் குதிரை முன்னால் பாயும். கல், எதிரே நிற்கும் எஃகுத் தகட்டில் மேலிருந்து கீழாக உரசும். அந்தத் தகட்டுக்கு ஃபிரிசன் என்று பெயர். உரசலில் தகடு முன்பக்கமாகச் சாய்ந்து, தன் அடியில் மூடி வைத்திருந்த சின்னக் கிண்ணியைத் திறந்துவிடும். கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்து. பொறி அதில் விழுந்து, நெருப்பு பற்றுவாய் என்ற சின்னத் துளை வழியே குழலுக்குள் தாவும்.

பலரும் கல்லிலிருந்து பொறி வருவதாக நினைக்கிறார்கள். கல் வெறும் கத்தி. எஃகிலிருந்து நுண்ணிய சுருளைச் சீவியெடுக்கிறது, சீவிய சூட்டில் அந்தச் சுருள் காற்றில் எரிகிறது. அதனால் ஃபிரிசனின் முகம் கடினமான எஃகாக இருந்தாக வேண்டும். மிருதுவான இரும்பில் கல் கோடு போடும், அவ்வளவுதான். பூட்டின் மற்ற உறுப்புகள் தேனிரும்பில் அடித்தவை. அவற்றை எலும்புக்கரி, தோல்கரியோடு ஓர் இரும்புப் பெட்டியில் மூடி, மணிக்கணக்கில் செந்தணலில் வைத்துத் தண்ணீரில் கொட்டுவார்கள். கரிமம் மேல்தோலில் மட்டும் ஊறி, தோல் கடினமாகவும் உள்ளே மிருதுவாகவும் நிற்கும். கேஸ் ஹார்டனிங் என்று நாம் சொல்வது இதைத்தான்.

உள்ளே இருக்கும் உறுப்புகளில் ஒன்றின் பெயர் டம்ளர். காபி டம்ளர் இல்லை, குதிரையின் அச்சோடு சேர்ந்து உருளும் ஒரு சின்னச் சக்கரத்துண்டு. அதில் இரண்டு வெட்டு. ஒன்று பாதிக் குதிரைக்கு, ஒன்று முழுக் குதிரைக்கு. சியர் என்ற நாக்கு இந்த வெட்டில் மாட்டியிருக்கும். பாதிக் குதிரை வெட்டு ஆழமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தோளில் தொங்கும்போதே வெடித்துவிடும். முழுக் குதிரை வெட்டு ஆழமில்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் விசையை இழுக்க மூன்று விரல் வேண்டும். அரத்தின் ஓர் இழுப்பில் இது கெட்டுப்போகும்.

எல்லாவற்றிலும் கஷ்டம் பெரிய வில். தட்டையான எஃகை ‘வி’ வடிவத்தில் மடித்து, நுனிவரை சீராக மெலிய வைத்து, பதப்படுத்தி, அப்புறம் தணிக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் நான் ஓர் உளி செய்தேன். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன், தணிக்க மறந்தேன். முதல் அடியிலேயே நுனி கண்ணாடித் துண்டாகச் சிதறி எதிர்ச்சுவரில் பட்டது. நல்லவேளை, எதிரே ஆள் இல்லை. எஃகை மெருகேற்றி மெல்லச் சூடாக்கினால் 230 டிகிரி பக்கம் வைக்கோல் மஞ்சள் ஏறும், 300 டிகிரி பக்கம் நீலம் ஏறும். வில்லுக்கு அந்த நீலம்வரை போகவேண்டும். மஞ்சளில் நிறுத்தினால் ஒடியும், நீலத்தைத் தாண்டிச் சாம்பல் நிறத்துக்கு விட்டால் துவண்டுவிடும்.

கட்டை

இங்கேதான் புகைக்கரி வருகிறது. அலைவரி மேப்பிள் மரம்: வெட்டுமுகத்தில் புலிக்கோடுபோல வெளிச்சமும் இருளும் மாறி மாறி ஓடும். பார்க்க அற்புதம், இழைப்புளிக்கு எமன். நார் மேலும் கீழும் போவதால் எந்தப் பக்கம் இழைத்தாலும் ஒரு வரி பெயர்ந்து வரும். அதனால் சுரண்டுதகடுதான் கடைசிக் கருவி.

பலகையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கட்டையில் பலவீனமான இடம் மணிக்கட்டு, அதாவது கை பிடிக்கும் ஒல்லி இடம். அங்கே மரத்தின் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் ஒருநாள் கீழே விழுந்தவுடன் இரண்டாகும். பழைய ரைஃபிள்களில் மணிக்கட்டில் செம்புத்தகடோ ஈரத்தோலோ சுற்றிக் கட்டியவை ஏராளம். அத்தனையும் இந்த ஒரு தப்புக்குப் பலியானவை.

குழல் வெளியே எட்டுப்பட்டை என்றேன். அது சீராகவும் இருக்காது. பின்பக்கம் தடித்து, நடுவில் ஒடுங்கி, வாய்ப்பக்கம் மறுபடி கொஞ்சம் விரியும். பிடித்துத் தூக்கினால் கையில் கனம் சரியாக விழ இந்த ஒடுக்கம்தான் காரணம். ஆனால் அதை மரத்தில் பதிப்பவன் பாடு? குழலின் அடியில் புகைக்கரி தடவி, பள்ளத்தில் வைத்து, மெல்லத் தட்டி, தூக்கிப் பார்த்தால் கறுப்பு ஒட்டிய இடம் தெரியும். அங்கே உளியால் ஒரு மயிரிழை. மறுபடி கரி. நாலடி நீளத்துக்கு, ஐந்து முகத்துக்கு, நூற்றுக்கணக்கான தடவை. அவசரப்பட்டு ஒரு சில்லை அதிகம் எடுத்துவிட்டால் அந்த இடைவெளி கடைசிவரை நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

அதைவிட நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேலை ஒன்று உண்டு. மருந்தையும் குண்டையும் கெட்டிக்கும் கோல் போய் உட்கார, குழலுக்கு அடியில் மரத்துக்குள்ளேயே நீளத் துளை. குழலுக்கும் துளைக்கும் நடுவே மிஞ்சும் மரம் சுமார் மூன்று மில்லிமீட்டர். துளையாணி மேலே ஏறினால் குழல் பள்ளத்தில் எட்டிப் பார்க்கும். கீழே இறங்கினால் விசைப் பக்கம் ஓட்டை. அதுவரை செய்த அத்தனை நாள் வேலையும் அந்தக் கால் மணி நேரத்தில் பணயம்.

பித்தளை வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோயம்புத்தூர்ப் பக்கம் பவுண்டரி பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. விசைக்காப்பும் அடிக்கட்டைத் தகடும் மர பேட்டர்னை ஈரமண்ணில் அழுத்தி வார்ப்பவை. வார்த்த பித்தளையை அடித்துத் தகடாக்கி, அடிக்க அடிக்கக் கெட்டிப்படும்போது சூடாக்கி இளக்கி, அதில் பெட்டி மூடியை வெட்டுகிறார்கள். கொழுப்பு தடவிய துணித்துண்டுகள் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். மூடியில் சித்திர உளியால் பூவேலை. கட்டையின் பின்பகுதியில் ஆங்கில ‘சி’ எழுத்துபோலச் சுருளும் இலைக்கொடிகள். கொடி மேலே எழும்பி நிற்பதுபோலத் தெரியும், உண்மையில் சுற்றியுள்ள மரத்தைத்தான் தாழ்த்தியிருப்பார்கள்.

நிறம் ஏற்றுவதில் ஒரு ரசவாதம் உண்டு. நைட்ரிக் அமிலத்தில் இரும்புத்தூளைக் கரைத்து அதை மரத்தில் பூசுவார்கள். பூசியவுடன் அசிங்கமான பச்சைச் சாம்பல். பழுக்கக் காய்ச்சிய இரும்பை மரத்தில் படாமல் மேலே நகர்த்தினால், சூடு போகிற இடமெல்லாம் கண்முன்னே செம்பழுப்பாகத் திரும்பும். வரிகள் அப்போதுதான் எழுந்து வரும். மேலே ஆளிவிதை எண்ணெய்.

சில கேள்விகள்

இனி என் மனதில் உறுத்தியதைச் சொல்கிறேன். ஒரே ஆள் குழல், பூட்டு, கட்டை மூன்றையும் செய்வது பழைய வழக்கம்தானா? பெரும்பாலும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுத் துப்பாக்கிக் கொல்லர்களில் பலர் பூட்டை இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்த சரக்கிலிருந்து டஜன் கணக்கில் வாங்கினார்கள். லங்காஸ்டர் பக்கம் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடும் குழல் ஆலைகள் இருந்தன, குழலை அங்கே வாங்கினார்கள். பட்டறைக்குள்ளும் தொழில் பழகும் பையன்கள், கூலிக்கு வேலை செய்யும் கைகள் எனப் பலர். அந்த வகையில் கஸ்லரின் ரைஃபிள் பழைய ரைஃபிள்களைவிடவும் ஒரு படி ‘சுத்தமானது’. வரலாற்றை அப்படியே திரும்ப நடத்திக்காட்டுவதைவிட, அத்தனை வித்தையும் ஒரு கைக்குள் அடங்குமா என்று பார்த்த சோதனை இது. எனக்கு இதில் குறை தெரியவில்லை. சொல்லாமல் விட்டால்தான் குறை.

இன்னொன்று, இந்தத் துப்பாக்கியைச் சுற்றி எழுந்த புராணம். பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போருக்காக 1775 ஜூன் 14-இல் அமெரிக்கக் காங்கிரஸ் பென்சில்வேனியா, மேரிலாந்து, விர்ஜீனியாவிலிருந்து ரைஃபிள் படைப்பிரிவுகளைத் திரட்ட உத்தரவிட்டது. வின்செஸ்டர் பக்கத்து டேனியல் மார்கன் தன் ஆட்களோடு பாஸ்டன்வரை நடந்தார். 1780 அக்டோபர் 7-இல் கிங்ஸ் மலையில் மலைக்காட்டு வேட்டைக்காரர்கள் பிரிட்டிஷ் தரப்பு மேஜர் பெர்குசனின் படையைச் சுற்றி வளைத்து முறியடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பின்பக்கமாகக் குண்டு போடும் நவீன ரைஃபிளுக்கு 1776-லேயே காப்புரிமை வாங்கியவர் அதே பெர்குசன். இதெல்லாம் உண்மை. ஆனால் ரைஃபிளைக் கெட்டிக்க, காடியில்லாத மஸ்கட் துப்பாக்கியைவிட நேரம் பிடிக்கும், முனையில் பயோனெட் என்ற குத்துக்கத்தியை மாட்ட முடியாது. திறந்தவெளிப் போரில் மஸ்கட் வரிசைக்கு முன்னால் ரைஃபிள்காரன் தனியாக நிற்க முடியாது. போரை ஜெயித்துக் கொடுத்த துப்பாக்கி என்று இதைக் கொண்டாடுவது மிகை.

படிக்கும் யாருக்காவது கை துறுதுறுத்தால் ஒரு வார்த்தை: நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். வாயில் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் அதேதான். பூட்டு மட்டும் செய்து பார்க்கிறேன் என்பவர் ஒரு கதவுப் பூட்டைச் செய்து பார்க்கலாம். அதுவும் லேசுப்பட்டதில்லை.

சுட்டுப் பார்ப்பது

கட்டையில் ஏற்றுவதற்கு முன்பே குழலுக்கு ஒரு சோதனை உண்டு. வழக்கத்தைவிட மிக அதிக மருந்தைக் கெட்டித்து, குழலைத் தனியாகக் கட்டிவைத்து, ஆட்கள் மறைவில் நின்றுகொண்டு வெடிக்கச் செய்வார்கள். உலையில் செய்த அத்தனை சூட்டில் ஏதாவது ஒன்று பொய் என்றால் இங்கே தெரிந்துவிடும். குழலைக் கழுவித் துடைத்து, பற்றுத் தையல் நெடுகப் புதிதாக ஏதும் மயிர்க்கோடு விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார்கள்.

முடிந்த ரைஃபிளைச் சுடும்போது அளந்த மருந்தை வாயில் கொட்டி, கொழுப்பு தடவிய துணியில் குண்டை வைத்து, ஹிக்கரிக் கோலால் அடிவரை தள்ளுகிறார்கள். குண்டு குழலைவிடக் கொஞ்சம் சின்னது. இடைவெளியை அடைத்துக் காடியைப் பற்றிக்கொள்வது துணிதான். கிண்ணியில் ஒரு சிட்டிகை. குதிரையை முழுசாகப் பின்னுக்கு இழுத்தால் இரண்டு ‘கிளிக்’ கேட்கும், டம்ளரின் இரண்டு வெட்டு. விசை. கண்ணுக்குப் பக்கத்தில் கிண்ணி பற்றிக்கொள்ளும் ‘ஃபுஸ்’, உடனே குழல். நல்ல பூட்டில் இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும். காதால் பிரிக்க முடிந்தால் பற்றுவாயையோ பூட்டையோ மறுபடி பார்க்க வேண்டும்.

அப்புறம் வெந்நீர். கருமருந்தின் கரி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஒரே இரவில் குழலைத் துரு பிடிக்க வைத்துவிடும். அதனால் அன்றைக்கே கழுவியாக வேண்டும். பற்றுவாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் பீய்ச்சும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். தண்ணீர் தெளிந்து வந்ததும் துடைத்து, எண்ணெய் இட்டு, வாயைக் கீழே பார்க்கச் சாத்தி வைக்கிறார்கள்.